நார்மல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை? அம்லோடிபின் உடம்புக்குள்ள என்ன செய்யுது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தயக்கங்களையும் திரும்பச் சொன்ன வரிகளையும் நீக்கித் தொகுத்திருக்கிறோம்.)

00:00 அட்டையைத் திருப்பிப் பாருங்க

இந்த வாரம் ஆரம்பத்துலயே உங்களுக்கு ஒரு சின்ன வேலை. வீட்ல அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி யாராவது பி.பி. மாத்திரை போடுறாங்கன்னா, அந்த அட்டையை எடுத்துப் பின்பக்கம் பாருங்க. பெரிய எழுத்துல கம்பெனி வச்ச பேரு இருக்கும். அதுக்குக் கீழே பொடி எழுத்துல மருந்தோட உண்மையான பேரு இருக்கும். அங்க ‘அம்லோடிபின்’னு போட்டிருக்க வாய்ப்பு நிறைய. தனியா இருக்கலாம், இல்ல டெல்மிசார்டன், அட்டெனலால் மாதிரி இன்னொரு மருந்தோட சேர்ந்து ஒரே மாத்திரையாவும் இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனத்தோட அத்தியாவசிய மருந்துப் பட்டியல்ல இருக்கிற மருந்து இது. நம்ம ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாக் கிடைக்குது, கடையில வாங்கினாலும் சில ரூபாய்தான். இவ்வளவு பேர் தினமும் விழுங்குற ஒரு பொருள் உள்ள போய் என்ன பண்ணுதுன்னு கேட்டா, ‘பி.பி.யைக் குறைக்கும்’ங்கறதோட பதில் நின்னுடுது. எப்படிக் குறைக்குதுன்னு தெரியாததாலதான் பல பேர் பாதியிலேயே நிறுத்திடுறாங்க. அதான் இன்னிக்கு எபிசோட்.

வழக்கம்போல ஒரு விஷயம் சொல்லிடறேன். நான் டாக்டர் இல்ல, சாஃப்ட்வேர் இன்ஜினியர். மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு விளக்குறதுதான் என் வேலை. உங்க வீட்ல யாருக்கு எந்த டோஸ்னு முடிவு பண்றது அவங்களைப் பார்க்கிற டாக்டர்.

02:20 கலவையில ஒரு பெரியம்மா

எனக்கு ராணிப்பேட்டை மாவட்டம், கலவைப் பக்கம். ஆற்காட்டுல இருந்து திமிரி வழியா பஸ் பிடிச்சா வந்துடலாம். ராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடின்னு போற தோல் தொழில் பெல்ட்டோட ஒரு ஓரம். நெல்லு, கரும்புன்னு விவசாயம் பார்க்கிறவங்களும் உண்டு, விடியக்காலையில டேனரிக்கும் ஷூ கம்பெனிக்கும் வேன் ஏறிப் போறவங்களும் உண்டு.

எங்க பெரியம்மாவுக்கு 58 வயசு. அவங்களுக்கு மாத்திரை வீட்டுக்கே வருது. 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில ஆரம்பிச்சாங்களே, ‘மக்களைத் தேடி மருத்துவம்’, அந்தத் திட்டம். சுகாதாரத் தன்னார்வலரா வேலை பார்க்கிற அக்கா ஒருத்தங்க வந்து, கையில பட்டையைச் சுத்தி பி.பி. பார்த்துட்டு மாத்திரையைக் கொடுத்துட்டுப் போவாங்க.

பெரியம்மாவுக்கு முதல்ல இருந்தது 164/100. மூணு மாசம் மாத்திரை போட்டதும் 126/80. உடனே நிறுத்திட்டாங்க. போன்ல நான் கேட்டதுக்கு அவங்க சொன்னது இதுதான்: “அதான் நார்மல் ஆயிடுச்சேடா, இன்னும் எதுக்கு மாத்திரை?” அதோட நிக்கல. நிறுத்தின மூணாவது நாள் மெடிக்கல் ஷாப்ல போய் பி.பி. பார்த்திருக்காங்க. 130/82. “பாரு, மாத்திரை இல்லாமலே நல்லாத்தான் இருக்கு”ன்னு ஒரே சந்தோஷம். அடுத்த தடவை அந்த அக்கா வந்து பார்த்தப்போ 170/102. “தலைசுத்தல்கூட இல்லையேம்மா, உன் மெஷின் சரியில்ல போல”ன்னு அந்த அக்காகிட்டயே சண்டை.

இதுல சிரிக்கவும் இடம் இருக்கு, பயப்படவும் இடம் இருக்கு. எங்க தெருவுல ஒரு அண்ணன், டேனரி வேலை, 46 வயசு. அவரும் ‘நார்மல் ஆயிடுச்சு’ன்னு நிறுத்தினவர்தான். ஒரு நாள் காலையில டீ கிளாஸ் கையில நிக்கல. பக்கவாதம். இன்னிக்கும் சட்டைப் பட்டனை அவங்க மனைவிதான் போட்டு விடுறாங்க. மாத்திரையை நிறுத்தினதாலதான் அவருக்கு வந்துச்சுன்னு ஒரே ஒரு ஆளை வச்சு நிரூபிக்க முடியாது. ஆனா நம்மால கட்டுப்படுத்த முடிஞ்ச காரணங்கள்ல, பக்கவாதத்துக்கு உயர் ரத்த அழுத்தத்தை விடப் பெரிய காரணம் வேற இல்ல.

தமிழ்நாடு முழுக்க எடுத்த கணக்கும் இதையேதான் சொல்லுது. 2020-ல நடந்த கணக்கெடுப்புல, பெரியவங்கள்ல மூணு பேருக்கு ஒருத்தர்ங்கற அளவுல உயர் ரத்த அழுத்தம் இருந்தது. அந்த நோயாளிகள்ல கட்டுப்பாட்டுல வச்சிருந்தவங்க 100-க்கு சுமார் 7 பேர். அடுத்த கணக்கெடுப்புல அது சுமார் 17 ஆச்சு. வீடு தேடி மாத்திரை போனதுக்குப் பிறகு வந்த முன்னேற்றம், நல்ல விஷயம். ஆனா மீதி 83 பேர் இன்னும் கட்டுப்பாட்டுக்கு வெளியதான் இருக்காங்க. மாத்திரையை வாசல் வரைக்கும் கொண்டுவந்துட்டோம். அதைத் தொடர்ந்து விழுங்க வைக்கிறதுக்குக் காரணம் புரியணும்.

06:10 குழாய்க் கணக்கு

அழுத்தம்னா என்ன? மின்சாரத்துல ஓம் விதி படிச்சிருப்போம்: வோல்டேஜ் = கரண்ட் × ரெசிஸ்டன்ஸ். உடம்புலயும் அதே கதை. ரத்த அழுத்தம் = இதயம் நிமிஷத்துக்குத் தள்ளுற ரத்தம் × ரத்தக் குழாய்கள் கொடுக்கிற எதிர்ப்பு.

அந்த எதிர்ப்புல பெரும்பங்கு பெரிய குழாய்கள்ல இல்ல. தமனி கிளை கிளையாப் பிரிஞ்சு, கடைசியில கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சின்னதாகுற இடத்துல இருக்கு. அந்தச் சின்னத் தமனிகளோட சுவர்ல மென்தசை வளையம் மாதிரி சுத்தி இருக்கும். அது இறுகினா குழாய் குறுகும், தளர்ந்தா விரியும்.

பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல பாய்செயில் சமன்பாடு ஞாபகம் இருக்கா? குழாயோட எதிர்ப்பு, ஆரத்தோட நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்துல இருக்கும். மார்க்குக்காகப் படிச்சது, இங்கதான் உதவுது. ஆரம் 10 சதவீதம் குறைஞ்சா, எதிர்ப்பு 10 சதவீதம் கூடாது, 52 சதவீதம் கூடிடும். ஆரம் 10 சதவீதம் கூடினா எதிர்ப்பு 32 சதவீதம் குறையும். கால்குலேட்டர்ல 0.9-ஐயும் 1.1-ஐயும் நாலு தடவை பெருக்கிப் பாருங்க.

அப்ப, ரத்த அழுத்தத்தைக் குறைக்கணும்னா குழாயைப் பெருசா விரிக்க வேண்டியதில்ல. மென்தசையைக் கொஞ்சம் தளர்த்தினாலே போதும். அம்லோடிபின் செய்யுறது அதைத்தான். எப்படித் தளர்த்துதுன்னு புரிய, 140 வருஷம் பின்னாடி போய் ஒரு தவளை இதயத்தைப் பார்க்கணும்.

08:45 லண்டன் குழாய்த் தண்ணி

1880-களோட ஆரம்பம், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். சிட்னி ரிங்கர்னு ஒரு டாக்டர். தவளையோட இதயத்தைத் தனியா எடுத்து, உப்புக் கரைசல்ல வச்சு, எவ்வளவு நேரம் துடிக்குதுன்னு பார்க்கிறார். நல்லாத் துடிக்குது. அப்புறம்தான் தெரியவருது, கரைசலைத் தயார் பண்ணினப்போ வாலை வடிநீருக்குப் பதிலாக் குழாய்த் தண்ணியை ஊத்தியிருக்காங்க. சுத்தமான வாலை வடிநீர்ல திரும்பச் செஞ்சா இதயம் சீக்கிரமே ஓய்ஞ்சு போகுது.

அப்படின்னா குழாய்த் தண்ணியில என்னவோ இருக்கு. தேடிப் பார்த்தா, கால்சியம். லண்டன் தண்ணியும் கடினத் தண்ணிதான், நம்ம பக்கத்துல பாத்திரத்துல வெள்ளையாப் படிய வைக்குமே, அந்த மாதிரி. 1883-ல ரிங்கர் இதை வெளியிட்டார்: கால்சியம் இல்லாம இதயத் தசை சுருங்காது. ஆஸ்பத்திரியில ‘ஆர்.எல். பாட்டில்’னு டிரிப் ஏத்துவாங்க இல்லையா, அதுல ‘ஆர்’ங்கறது இந்த ரிங்கர்தான்.

எங்க பெல்ட்ல கால்சியம்னா சுண்ணாம்பு. பச்சைத் தோல்ல இருக்கிற மயிரைக் களைய டேனரியில சுண்ணாம்புத் தொட்டியில ஊறப் போடுவாங்க. அதுல இருக்கிற அதே தனிமம்தான் நம்ம உடம்புல ஒவ்வொரு தசைக்கும் ‘சுருங்கு’ன்னு கட்டளை கொடுக்கிற சிக்னலாவும் வேலை செய்யுது.

எப்படின்னா, செல்லுக்கு வெளியே கால்சியம் நிறைய, உள்ளே ரொம்பக் கம்மி. வித்தியாசம் சுமார் 10,000 மடங்கு. நடுவுல செல்லோட சவ்வு. அந்தச் சவ்வுல கால்சியம் மட்டும் நுழையுற மாதிரி குட்டிக் குட்டிக் கதவுகள். மின் தூண்டல் வந்ததும் கதவு திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். உள்ளே கால்மோடுலின்னு ஒரு புரதம் அதைப் பிடிச்சுக்கும். அது ஒரு நொதியை எழுப்பும். அந்த நொதி மயோசின்ங்கற தசை இழையை முடுக்கிவிடும். மயோசின் பக்கத்துல இருக்கிற ஆக்டின் இழையைப் பிடிச்சு இழுக்கும். தசை இறுகுது, குழாய் குறுகுது, அழுத்தம் ஏறுது.

11:30 கதவை அடைக்கிற மருந்து

1960-கள்ல ஜெர்மனியோட ஃப்ரைபர்க்ல ஆல்பிரெக்ட் ஃப்ளெக்கன்ஸ்டைன்ங்கற ஆராய்ச்சியாளர், சில மருந்துகள் இந்தக் கால்சியத்தோட வேலையைத் தடுக்குதுன்னு காட்டினார். அதுல இருந்து ஒரு மருந்துக் குடும்பமே வந்தது. வெராபமில், நிஃபெடிபின், டில்டியாசெம். அடுத்த தலைமுறைதான் அம்லோடிபின். இங்கிலாந்துல சாண்ட்விச்ங்கற ஊர்ல இருந்த ஃபைசர் ஆய்வகத்துல உருவானது. அமெரிக்காவுல 1992-ல அனுமதி கிடைச்சது.

அம்லோடிபின் அந்தக் கால்சியக் கதவுல ஒரு பக்கமாப் போய் ஒட்டிக்கும். எல்லாக் கதவும் மூடிடாது, உள்ளே போற கால்சியத்தோட அளவு குறையும். இறுக்கம் குறையும். சின்னத் தமனி கொஞ்சம் விரியும். மீதியை நான்காம் அடுக்குக் கணக்கு பார்த்துக்கும்.

இங்க உங்களுக்கு மூணு சந்தேகம் வரணும். வரலைன்னாலும் நான் கேட்டுடறேன்.

முதல் சந்தேகம்: இதயத்துக்கும் கால்சியம் வேணும்னு தவளை சொல்லுச்சே, அப்ப இதயம் நிக்காதா? நிக்காது. இந்த மருந்து கதவு எந்த நிலையில இருக்குன்னு பார்த்துத்தான் நல்லா ஒட்டும். கதவு ஒரு தடவை திறந்து முடிச்சு, அடுத்த முறைக்கு இன்னும் தயாராகாத ஒரு நிலை உண்டு. அந்த நிலையில பிடிப்பு அதிகம். ரத்தக் குழாய்ச் சுவர்ல இருக்கிற செல்களோட மின் அழுத்தம், இதயச் செல்களோடதை விட வேற மாதிரி. அதனால அந்த நிலையில இருக்கிற கதவுகள் குழாய்ச் சுவர்லதான் அதிகம். மருந்து அங்க போய் அதிகமா ஒட்டுது, இதயத்தைப் பெரும்பாலும் விட்டுடுது. அதே குடும்பத்துல வெராபமிலும் டில்டியாசெமும் வேற இடத்துல ஒட்டி, இதயத் துடிப்போட வேகத்தையே குறைக்கும். அதனால ‘ரெண்டும் ஒரே ரகம்தானே’ன்னு ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போடக்கூடாது.

ரெண்டாவது: கை, கால் தசை வலுவிழக்காதா? அந்தத் தசைகள் தங்களுக்கு வேண்டிய கால்சியத்தை செல்லுக்குள்ளயே ஒரு கிடங்குல சேர்த்து வச்சிருக்கு. சுருங்குறதுக்கு வெளியே இருந்து வர்ற கால்சியத்தை நம்பி இல்ல. அதனால மூட்டை தூக்குறவரும் இந்த மாத்திரை போட்டுக்கிட்டு மூட்டை தூக்கலாம்.

மூணாவது, வீட்ல அடிக்கடி வர்றது: ‘கால்சியத்தைத் தடுக்கிற மாத்திரைன்னா எலும்பு தேயாதா? பால் குடிக்கலாமா?’ தாராளமாக் குடிக்கலாம். இது ரத்தத்துல இருக்கிற கால்சியத்தையோ எலும்புல இருக்கிறதையோ எடுக்குறதில்ல. கதவுல நுழையுற அளவை மட்டும்தான் கட்டுப்படுத்துது. டாக்டர் கொடுத்த கால்சியம் மாத்திரையை இதுக்காக நிறுத்தவும் வேண்டாம்.

15:00 மெதுவா வரும், மெதுவாப் போகும்

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வச்சுக்கணும்னா, இந்தப் பகுதி.

அம்லோடிபினை விழுங்கினா, ரத்தத்துல உச்ச அளவுக்கு வர 6-லிருந்து 12 மணி நேரம் ஆகும். உள்ளே போனதுல பாதி வெளியேற 30-லிருந்து 50 மணி நேரம். அதாவது இன்னிக்குப் போட்டதுல கிட்டத்தட்ட பாதி, நாளைக்கு மறுநாள் வரைக்கும் உள்ளயே இருக்கும். தினமும் ஒண்ணு போடப் போட, கொஞ்சம் கொஞ்சமாச் சேர்ந்து, ஒரு வாரம் கழிச்சுத்தான் நிலையான அளவுக்கு வரும்.

இதுல இருந்து நாலு விஷயம் புரியுது.

ஒண்ணு: முதல் மாத்திரை போட்ட மறுநாளே பி.பி. பார்த்துட்டு ‘வேலை செய்யல’ன்னு சொல்லக்கூடாது. வாரக்கணக்குல பார்க்கணும்.

ரெண்டு: ஒரு நாள் மறந்தா உலகம் இடிஞ்சு விழாது. அன்னிக்கே ஞாபகம் வந்தா போட்டுக்கலாம். மறுநாள்தான் ஞாபகம் வருதுன்னா அந்த நாளுக்கான ஒண்ணு மட்டும். ரெண்டாச் சேர்த்துப் போடக்கூடாது.

மூணு: பி.பி. திடீர்னு எகிறிடுச்சுன்னு பயந்து கூட ஒரு அம்லோடிபின் போட்டா, அது அந்த நேரத்துக்கு உதவாது. இந்தக் குடும்பத்துல வேகமா வேலை செய்யுற மருந்து நிஃபெடிபின். ஒரு காலத்துல அந்த கேப்ஸ்யூலைக் கடிச்சு நாக்குக்கு அடியில வைக்கச் சொல்றது வழக்கமா இருந்தது. பி.பி. சட்டுன்னு சரிஞ்சு, மூளைக்கும் இதயத்துக்கும் போற ரத்தமே குறைஞ்சு ஆபத்தாகுதுன்னு, 1996-ல ஒரு அமெரிக்க மருத்துவ இதழ்ல இதை நிறுத்தணும்னு டாக்டர்களே எழுதினாங்க. மெதுவாக் குறைக்கிறதுதான் அம்லோடிபினோட பலமே.

நாலு, ரொம்ப முக்கியம்: மெதுவா வர்ற மருந்து மெதுவாத்தான் போகும். நிறுத்தின மூணாவது நாள் உள்ளே மிச்சம் இருக்கிற மருந்து இன்னும் கதவைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கு. அன்னிக்கு பி.பி. பார்த்தா நல்லாத்தான் காட்டும். பெரியம்மாவுக்கு 130/82 வந்தது அதனாலதான். ஒரு வாரம், பத்து நாள்ல மருந்து மொத்தமா வெளியேறி, அழுத்தம் பழைய இடத்துக்கே ஏறிடும். ஏறும்போது வலிக்காது, தலை சுத்தணும்னு அவசியமும் இல்ல.

நம்ம பாஷையில சொல்றேன். சர்வர்ல மெமரி நிரம்பி அடிக்கடி அலர்ட் வருது. அதைச் சுத்தம் பண்ண ஒரு ஸ்கிரிப்ட் ஓட விடுறீங்க. அலர்ட் நின்னுடுது. ‘அதான் அலர்ட் வரலையே’ன்னு ஸ்கிரிப்டை நிறுத்தினா, மூணு நாள் ஒண்ணும் ஆகாது. பத்தாவது நாள் ராத்திரி ரெண்டு மணிக்கு போன் வரும். 126/80-ங்கறது அந்த ஸ்கிரிப்ட் ஓடிக்கிட்டு இருக்குங்கறதுக்கான அடையாளம். குழாய்ச் சுவர் இறுகுறதுக்குப் பின்னாடி இருக்கிற வயசு, பரம்பரை, எடை, உப்பு எதையும் மாத்திரை மாத்தல.

ஒரு எச்சரிக்கை. அட்டையில அம்லோடிபினோட அட்டெனலாலும் சேர்ந்திருந்தா, திடீர்னு நிறுத்துறது இன்னும் மோசம். அட்டெனலாலைச் சட்டுன்னு விட்டா இதயத் துடிப்பு எகிறி, நெஞ்சுவலி வரைக்கும் போகலாம். அதைக் குறைக்கணும்னா டாக்டர் படிப்படியாத்தான் குறைப்பார்.

18:40 கால் ஏன் வீங்குது

மாத்திரையை நிறுத்த மக்கள் சொல்ற ரெண்டாவது காரணம், கால் வீக்கம். இது கற்பனை இல்ல, உண்மையாவே வரும். டோஸைப் பொறுத்தது. மருந்தோட ஆய்வுகள்ல 5 மில்லிகிராம் போட்டவங்கள்ல 3 சதவீதம் பேருக்கு வீக்கம், 10 மில்லிகிராம்ல 10.8 சதவீதம். ஆண்களை விடப் பெண்களுக்கு அதிகம்.

காரணம் அந்த மருந்து செய்யுற வேலையிலேயே இருக்கு. ரத்தம் நுண்ணிய தந்துகிக்குள்ள நுழையுற பக்கத்துல குழாயை விரிக்குது. வெளியேறுற பக்கத்துல அந்த அளவுக்கு விரிக்கல. நுழைவாசல் அகலம், வெளிவாசல் பழைய அளவு. நடுவுல அழுத்தம் கூடி, தண்ணி குழாய்ச் சுவர் வழியாக் கசிஞ்சு திசுவுக்குள்ள தேங்குது. ஈர்ப்பு விசையால கணுக்கால்ல அதிகம்.

ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிகள்ல தையல் மெஷின் முன்னாடி நாள் முழுக்கக் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பெரும்பாலும் பெண்கள்தான். சாயந்திரம் செருப்புப் பட்டி இறுக்குதுன்னா ‘வேலை அசதி’ன்னு நினைப்பாங்க, இல்லைன்னா ‘இந்த மாத்திரையால கிட்னி போயிடுச்சு’ன்னு நினைச்சு நிறுத்திடுவாங்க. இந்த வீக்கம் கிட்னி கெட்டதுக்கான அடையாளம் இல்ல. உண்மையில கிட்னியைக் கெடுக்கிறது கட்டுப்படுத்தாத பி.பி.தான்.

இன்னொண்ணு, இந்த வீக்கத்துக்கு நீர் மாத்திரை பெருசா உதவாது. உடம்புல தண்ணி கூடிப்போனதால வர்ற வீக்கம் இல்லையே இது, கசியுறதால வர்றது. டாக்டர்கிட்ட சொன்னா டோஸைக் குறைப்பார், இல்ல டெல்மிசார்டன் மாதிரி ஒண்ணைச் சேர்ப்பார். அது வெளிவாசலையும் விரிக்கிறதால கசிவு குறையும். ஆனா ஒரு கால் மட்டும் வலியோட வீங்குது, இல்ல வீக்கத்தோட மூச்சு வாங்குதுன்னா அது வேற காரணம். அன்னிக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும்.

முகம் சூடாகுறது, தலைவலி சிலருக்கு ஆரம்பத்துல வரும். கொஞ்சம் பேருக்கு ஈறு தடிச்சு வளரும். பல் டாக்டர்கிட்ட போனா, அம்லோடிபின் போடுறதை மறக்காமச் சொல்லுங்க.

21:00 பி.பி. தவிர வேற எதுக்கு

குழாயை விரிக்கிற மருந்துன்னு புரிஞ்சுட்டா, மத்தப் பயன்களை நீங்களே ஊகிக்கலாம்.

இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோற குழாய் குறுகி, நடந்தா நெஞ்சை இறுக்கிப் பிடிக்கிற வலி வருமே, ஆஞ்சைனா, அதுக்கு அம்லோடிபின் கொடுப்பாங்க. இதயத்தோட வேலைப்பளு குறையும். இன்னொரு வகை ஆஞ்சைனா உண்டு. அதுல குழாய் திடீர்னு தானா இறுகி, ஓய்வா இருக்கும்போதே வலி வரும். இறுகுறதைத் தடுக்கிறதுதானே இந்த மருந்தோட தொழில், அதனால அங்க ரொம்பப் பொருத்தம்.

குளிர்ல விரல் நுனி வெளுத்து மரத்துப் போற ரேனாட் பிரச்சினைக்கும் இந்தக் குடும்பத்து மருந்துகளைக் கொடுக்கிறாங்க. கர்ப்ப காலத்துல பி.பி. ஏறினா நீண்ட நேரம் வேலை செய்யுற நிஃபெடிபின் ஒரு முக்கியமான மருந்து. கர்ப்பப்பைச் சுவரும் மென்தசைதான். அதனால குறைமாதத்துல வலி எடுத்தா அதைக் கொஞ்சம் தள்ளிப்போடவும் நிஃபெடிபினைப் பயன்படுத்துவாங்க. மூளையைச் சுத்தி ரத்தக் கசிவு ஏற்பட்டவங்களுக்கு நிமோடிபின். கடைசியா, யாரும் வெளியே சொல்லாத ஒண்ணு: ஆசனவாய் வெடிப்புக்கு டில்டியாசெம் களிம்பு. அங்க இருக்கிற வளையத் தசையைத் தளர்த்தி, ரத்த ஓட்டத்தைக் கூட்டி, புண்ணை ஆறவிடும். மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே தத்துவம்.

இந்த மருந்துக்கும் எல்லை உண்டு. 2002-ல அமெரிக்காவுல வெளியான ஆல்ஹாட் ஆய்வுல 33,000-க்கும் மேற்பட்டவங்க கலந்துக்கிட்டாங்க. மாரடைப்பைத் தடுக்குறதுல அம்லோடிபினும் குளோர்தாலிடோன்ங்கற பழைய நீர் மாத்திரையும் சமமா நின்னுச்சு. ஆனா இதயச் செயலிழப்பு அம்லோடிபின் பக்கம் அதிகமா இருந்தது. அதனாலதான் இதயம் பலவீனமா இருக்கிறவங்களுக்கு டாக்டர் யோசிச்சு வேற மருந்தைத் தேர்ந்தெடுப்பார்.

23:20 கேட்டவங்க கேள்விகள்

*‘அப்பாவுக்கு ரெண்டாவதா ஒரு மாத்திரை சேர்த்துட்டாங்க. நோய் முத்திடுச்சா?’*

அப்படி அர்த்தம் இல்ல. நிறைய பேருக்கு ஒரு மருந்து போதாது. ஒரே மருந்தோட டோஸை ஏத்திக்கிட்டே போனா கால் வீக்கம் மாதிரி தொல்லைதான் ஏறும். வேற வேற வழியில வேலை செய்யுற ரெண்டு மருந்தைக் கம்மி அளவுல சேர்க்கிறது நல்ல உத்தி. 2024-ல வெளியான டாப்ஸ்பின் ஆய்வு முழுக்க நம்ம நாட்டுலயே நடந்தது. 32 ஆஸ்பத்திரிகள்ல, கிட்டத்தட்ட 2,000 பேர். ரெண்டு மருந்து சேர்ந்த மூணு வகை மாத்திரைகளை ஒப்பிட்டாங்க. மூணும் ஒரே அளவுக்கு வேலை செஞ்சது. சுமார் 70 சதவீதம் பேருக்கு பி.பி. 140/90-க்குக் கீழே வந்தது. எந்த ஜோடிங்கறதை விட, ஒழுங்காப் போடுறதுதான் முக்கியம்.

*‘போன தடவை 5 மில்லிகிராம், இந்தத் தடவை கடையில 2.5 கொடுத்துட்டாங்க. ஏமாத்துறாங்களா?’*

அட்டையில பேருக்கு முன்னாடி ‘எஸ்’னு இருக்கான்னு பாருங்க. அம்லோடிபின் மூலக்கூறு, இடது கை வலது கை மாதிரி ஒண்ணுக்கொண்ணு கண்ணாடிப் பிம்பமா ரெண்டு வடிவத்துல இருக்கும். கால்சியக் கதவை அடைக்கிறது ‘எஸ்’ வடிவம்தான். அதை மட்டும் பிரிச்சு விக்கிறாங்க. அதனால எஸ்-அம்லோடிபின் 2.5-ம் சாதாரண அம்லோடிபின் 5-ம் கிட்டத்தட்ட ஒண்ணு. ‘எஸ்’ இல்லாம வெறும் 2.5 இருந்தா அது பாதி டோஸ். டாக்டர்கிட்ட கேட்டுட்டுப் போடுங்க.

*‘மாத்திரை போட்டா உப்பு குறைக்கணுமா?’*

குறைக்கணும். உப்பு சாப்பிடுறவங்களுக்கும் அம்லோடிபின் ஓரளவு நல்லா வேலை செய்யும். ஆனா கூடச் சேர்க்கிற டெல்மிசார்டன் உப்பைக் குறைச்சாத்தான் முழு பலன் தரும். உலக சுகாதார நிறுவனம் சொல்றது நாளைக்கு 5 கிராமுக்குக் கீழே, அதாவது ஒரு டீஸ்பூன் அளவு. ஊறுகாய், அப்பளம், கருவாடுன்னு தட்டுல மூணும் இருந்தா அதுலயே கணக்கு முடிஞ்சிடும்.

*‘அப்ப ஆயுசு முழுக்கவா?’*

பெரும்பாலானவங்களுக்கு ஆமா. எடை நல்லாக் குறைஞ்சு, உப்பு குறைஞ்சு, நடைப்பழக்கம் வந்தவங்கள்ல சிலருக்கு டோஸைக் குறைக்கவோ நிறுத்தவோ முடியும். ஆனா அதை டாக்டர் வாராவாரம் பி.பி. பார்க்கச் சொல்லித்தான் செய்வார். நிறுத்தின மூணாவது நாள் ரீடிங்கை வச்சு யாரும் முடிவெடுக்க மாட்டாங்க. ஏன்னு இப்ப உங்களுக்கே தெரியும்.

26:00 முடிக்கிறதுக்கு முன்னாடி

இதைக் கேட்கிறவங்கள்ல பாதிப் பேர் சென்னையிலயோ பெங்களூர்லயோ இருப்பீங்க, பெற்றவங்க ஊர்ல இருப்பாங்க. இந்த ஞாயித்துக்கிழமை போன் பண்ணும்போது ‘மாத்திரை போடுறியாம்மா?’ன்னு கேட்காதீங்க. ‘போடுறேன்’னுதான் பதில் வரும். ‘அட்டையில இன்னும் எத்தனை மிச்சம் இருக்கு, எண்ணிச் சொல்லும்மா’ன்னு கேளுங்க. கணக்கு இடிச்சா திட்டாதீங்க. கால் வீங்குதா, தீர்ந்து போச்சா, இல்ல நார்மல் ஆயிடுச்சுன்னு நினைச்சாங்களான்னு விசாரிங்க. மூணுக்கும் வேற வேற பதில் இருக்கு, மூணும் இந்த எபிசோட்லயே இருக்கு.

அடுத்த வாரம், சர்க்கரை மாத்திரை மெட்ஃபார்மின். அதைப் போட்டா ஏன் வயிறு கலங்குதுன்னு பார்க்கலாம்.